பூட்டாத நாள் பார்த்துக் கிளம்புங்கள்: கிழக்குக் கடற்கரையின் சின்ன அருங்காட்சியகங்களுக்கு ஒரு கார்ப் பயணம்

இந்தப் பாதையில் நான் முதல் தடவை போனபோது, ஆசையாகப் போய் நின்ற இடத்தில் கேட்டுக்குப் பூட்டு. உள்ளே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த காவலர் எழுந்திருக்கக்கூட இல்லை. "இன்னிக்கு வெள்ளிங்க" என்றார். அடுத்த ஊரிலும் அதே வெள்ளி, அதே பூட்டு. தப்பு என்னுடையதுதான். கோயிலுக்குப் போனால் நடை சாத்தும் நேரம் கேட்கிறோம், அருங்காட்சியகத்துக்கு அப்படி யாரும் கேட்பதில்லை.

அதனால் ஊர்களைச் சொல்லும் முன் கிழமைகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும், கடற்கரையில் தொல்லியல் துறை நடத்தும் காட்சியகங்களுக்கும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். இவற்றோடு தேசிய விடுமுறைகள், பண்டிகைகள், திடீரென்று வரும் பராமரிப்பு வேலைகள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு அட்டவணைதான் சுகமாக அமைகிறது. சனிக்கிழமை சென்னையில் கிளம்ப வேண்டும். ஞாயிறு புதுச்சேரி. திங்கள் கடலூர், பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி. செவ்வாய் நாகப்பட்டினம். புதன் வேதாரண்யத்தில் தொடங்கி ராமநாதபுரம். வியாழன் ராமலிங்க விலாசமும் ராமேசுவரமும். எல்லாம் பூட்டிக் கிடக்கும் வெள்ளிக்கிழமையில் நீங்கள் திரும்பி வந்துகொண்டிருப்பீர்கள். சனிக்கிழமைப் பாதையில் மாவட்ட அருங்காட்சியகம் எதுவும் இல்லாததால் அது இரண்டாவது சனியாக இருந்தாலும் பாதகமில்லை.

ஒரு வாரம் லீவு கிடைக்காதவர்கள் சனி முதல் செவ்வாய் மதியம் வரை தரங்கம்பாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு அதுவே போதும்.

கிளம்பும் முன்

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், தாழ்வான சாலைகளில் தண்ணீர். மே மாதத்தில் கோட்டை முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ஜனவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. டெல்டாவில் அறுவடை நடக்கும், சாலையின் பாதியில் நெல் காயும், விளக்கில்லாத டிராக்டர்கள் வரும். கடலூருக்குத் தெற்கே இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

கார் எதுவானாலும் சரி, பெரிய கார் வேண்டாம். பழைய ஊர்களின் தெருக்களில் திருப்புவதற்குள் பொறுமை போய்விடும். கடலோர மணலில் காரை இறக்காமல் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்துங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். புதுச்சேரியில் பெட்ரோல் பெரும்பாலும் கொஞ்சம் விலை குறைவு, காரைக்காலும் புதுச்சேரி ஆட்சிப்பகுதிதான் என்பதால் அங்கேயும் அப்படித்தான். டேங்க்கை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு அநேகமாகச் சில்லறையில் முடிந்துவிடும், ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு மீதி கேட்டால் டிக்கெட் கொடுப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டு, தொப்பி, தண்ணீர். அப்புறம், ஒவ்வொரு ஊருக்கும் முதல் நாள் மாலையே போன் செய்து "நாளைக்குத் திறந்திருக்குமா" என்று கேட்டுவிடுவது. மேப்பில் திறந்திருக்கிறது என்று பச்சை எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது

புதிதாகப் போகிறவர்களுக்கு இங்கேதான் ஏமாற்றம் வரும். எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்த கண்ணோடு போனால் இரண்டு அறையும் பத்துக் கண்ணாடிப் பேழைகளும் கண்ணில் நிற்காது. பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து "இவ்வளவுதானா" என்பீர்கள். நல்ல பொருட்கள் பல வெளியேதான் போய்விட்டன என்பதும் உண்மை. நாகப்பட்டினத்துப் புத்தர்களில் பலர் சென்னையில் இருக்கிறார்கள். சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் வந்ததே அவை நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால்தான்.

ஆனால் சின்ன அருங்காட்சியகத்திடம் பெரியதிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பொருள் கிடைத்த மண் பக்கத்திலேயே, பெரும்பாலும் பத்து நிமிட ஓட்டத்தில் இருக்கிறது. அதனால் விளக்க அட்டையில் நான் முதலில் தேடுவது "கிடைத்த இடம்" என்ற வரியை. காலமும் பெயரும் அப்புறம்தான். அந்த ஊர்ப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, வெளியே வரும்போது காவலரிடம் வழி கேளுங்கள். பொருளைப் பார்த்த அன்றைக்கே அந்த மண்ணையும் மிதித்துவிட வேண்டும். இந்தப் பயணம் முழுவதற்கும் நான் வைத்திருக்கும் ஒரே விதி இதுதான். வரிசையும் முக்கியம்: முதலில் உள்ளே, பிறகு வெளியே. மாற்றிச் செய்தால் வெளியே தெரிவதெல்லாம் வெறும் செங்கல்லும் முள்ளுச்செடியும்தான்.

சனி: சென்னையிலிருந்து புதுச்சேரி

காலை ஏழு மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடுங்கள். தட்சிணசித்ரா அருமையான இடம், 1996ல் திறந்தது, தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் அது சின்ன இடமில்லை, ஒரு முழுநாளை விழுங்கிவிடும். வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்தில் கூட்டமெல்லாம் அர்ச்சுனன் தபசுப் பக்கம் போகும். நீங்கள் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். அதன் வளாகத்தில் கலங்கரை விளக்கங்களுக்கென்று ஒரு சின்னக் காட்சியகம் இருக்கிறது. பழைய விளக்குகள், வில்லைகள், சமிக்ஞைக் கருவிகள். வில்லைகளை அவசரப்படாமல் பாருங்கள். கண்ணாடியை வளையம் வளையமாகச் செதுக்கி அடுக்கியிருப்பார்கள். ஒரு சிறிய சுடரின் ஒளியைச் சிதறவிடாமல் ஒரே கற்றையாக்கிக் கடலுக்குள் பல மைல் தூரம் அனுப்பும் வித்தை அந்த வளையங்களில்தான் இருக்கிறது. பிறகு வெளியே வந்து, பக்கத்துப் பாறை மேல் நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலைப் பாருங்கள். இந்தக் கல் கோபுரம் எழும் முன், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கு ஏற்றியது அந்தப் பல்லவர் கோயிலின் உச்சியில்தான். கப்பலுக்கு வழிகாட்டக் கோயில் மேலேயே விளக்கை வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் உறைக்கும்.

அங்கிருந்து தெற்கே சுமார் 15 கி.மீ. போனால், கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டை. அருங்காட்சியகம் என்று பலகை இல்லை, ஆனால் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டமே ஒரு காட்சியகம்தான். படுக்கை வாட்டில் கிடக்கும் பெரிய கற்களில் டச்சு எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கியிருப்பார்கள். அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள், அநேகமாகத் திறந்துவிடுவார். டார்ச் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். தேய்ந்த கல்வெட்டின் மேல் நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. தரையை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்துகள் நிழலோடு எழும்பி நிற்கும்.

மதியத்துக்கு மேல் கடப்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பி ஆலம்பரைக் கோட்டை. கழிமுகத்தை ஒட்டிய இடிந்த செங்கல் மதில். 1750ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது, 1760ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமியும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றது. அரை மணி நேரம் போதும். டூப்ளே என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள், நாளைக்கு அவர் ஊரில் இருப்பீர்கள்.

ஞாயிறு: புதுச்சேரியும் அரிக்கமேடும்

புதுச்சேரி அருங்காட்சியகம் பாரதி பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயிஸ் தெருவில். காலை திறந்ததும் போய்விடுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து மேசை நாற்காலி, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி, சோழர் படிமங்கள், திருவக்கரைக் கல்மரத் துண்டுகள் என்று எல்லாம் கலந்து வைத்திருப்பார்கள். டூப்ளேயின் கட்டில் என்று சொல்லப்படும் ஒன்றின் முன் கூட்டம் நிற்கும். நிற்கட்டும். நீங்கள் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பொருட்கள் இருக்கும் பேழைகளிடம் போங்கள்.

மணிகள், ஓட்டுத் துண்டுகள், இரண்டு கைப்பிடி வைத்த ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த பாகங்கள். அவசரக் கண்ணுக்கு இவை குப்பை. கொஞ்சம் குனிந்து பாருங்கள். உட்புறத்தில் உருளையால் கோலமிட்டதுபோல வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை ஓடும் தட்டுத் துண்டு இருக்கும். அதை ரௌலட்டட் ஓடு என்பார்கள். இந்த ஓட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்திலும் இது கிடைத்திருக்கிறது. இந்தக் கரை முழுக்க ஒரே வியாபாரச் சங்கிலி ஓடியதற்கு இந்தப் புள்ளி வரிசை ஓர் அடையாளம். பக்கத்தில் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, சூட்டில் முனை மழுங்கச் செய்தவை. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிய மணி வகை இது.

அங்கிருந்து நேராக அரிக்கமேடு, தெற்கே சில கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். 1937ல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரெய் இங்கே ஒரு தலை பொறித்த கல்லைக் கண்டெடுத்து, அது அகஸ்டஸ் சீசரின் உருவம் என்றார். 1945ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் முறைப்படி தோண்டினார். ரோமானிய ஓடுகளுக்குக் காலம் தெரியும் என்பதால், அதே மண் அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பொருட்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்த இடம் என்றே சொல்லலாம். பிறகு காசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது.

இப்போது போனால் என்ன தெரியும்? தோப்பு, ஆறு, இரண்டு செங்கல் சுவர்கள். அந்தச் சுவர்களின் முன் நின்று "ரோமானியர் கட்டியது" என்று படமெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உங்கள் காலடியில், மூடிய குழிகளுக்குள் இருக்கிறது. காலையில் அந்தப் பேழையைப் பார்க்காமல் நேரே இங்கே வந்திருந்தால் தோப்பைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. தரையில் ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். அது இருக்கும் இடத்தில் இருப்பதுதான் அதன் மதிப்பு, சட்டமும் அதையே சொல்கிறது.

மாலையில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. திறந்திருக்கும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1908ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பிடியிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர் பத்தாண்டு இங்கேயே இருந்தார். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவகமாக இருக்கிறது.

திங்கள்: எல்லை தாண்டி, பூம்புகார் வழியாக

காலையில் கடலூர்ச் சாலையில் எல்லையைத் தாண்டும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வரட்டும். 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூர்ப் பக்கத்தில் கைது செய்யப்பட்டார். கடலூர்ச் சிறையில் சுமார் மூன்றரை வாரம். நேற்று மாலை பார்த்த வீட்டிலிருந்து அந்தச் சிறை காரில் ஒரு மணி நேரத்துக்குள். பத்தாண்டு அவர் தாண்ட முடியாதிருந்த எல்லைக்கோட்டை நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிவிடுவீர்கள்.

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்டத்துச் சிற்பங்கள், முதுமக்கள் தாழி, கொஞ்சம் விலங்கியல். ஒரு மணி நேரம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் ஒரு காட்சியகம் உண்டு. அது கல்வி நிறுவனம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவேண்டும். குழந்தைகள் கூட இருந்தால் அந்த முயற்சி வீண்போகாது, இல்லையென்றால் விட்டுவிட்டுச் சிதம்பரம், சீர்காழி வழியாகப் பூம்புகாருக்கு விடுங்கள்.

பூம்புகாரில் எல்லோரும் போவது 1973ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம். ஏழு நிலை மாடம், உள்ளே கண்ணகி கதையைக் கல்லில் செதுக்கிய 49 காட்சிகள். வரிசையாகச் சுற்றி வந்தால் கதை முழுதும் முடிந்துவிடும். ஆனால் இது நம் காலத்துச் சிற்பம், பழம்பொருள் இல்லை. பழம்பொருளுக்குத் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகத்துக்குப் போகவேண்டும். கரையிலும் கடலுக்கடியிலும் நடந்த ஆய்வுகளில் கிடைத்தவை அங்கே இருக்கின்றன. இரண்டிலும் அவ்வப்போது சீரமைப்பு வேலை நடப்பதுண்டு, போன் செய்யச் சொன்னதை மறக்காதீர்கள்.

வெளியே வந்தபின் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, கீழையூரில் 1960களில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறை. நீரில் நட்ட மரக்கம்பங்களின் மிச்சத்தோடு கிடைத்தது. அந்த மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்திப் பார்த்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. இன்னொன்று, பல்லவனேச்சரம் கோயில் பக்கம் புத்த விகாரையின் அடித்தளம். இரண்டுக்கும் பெரிய பலகைகளை எதிர்பார்க்காதீர்கள். டீக்கடையில் கேட்டால் "அந்தப் பழைய செங்கல்லா?" என்று கேட்டுவிட்டு வழி சொல்வார்கள். நின்று பார்த்தால் இன்றைய கடற்கரை தள்ளி இருக்கும். படகு கட்டிய இடத்தில் இப்போது வயல். ஆறு இடம் மாறினால் துறைமுகம் என்னாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் பேழைக்குள் கிடைக்காது.

இருட்டுவதற்குள் தரங்கம்பாடி. சுமார் 20 கி.மீ.தான்.

செவ்வாய்: தரங்கம்பாடிக்கு ஒரு முழுக் காலை

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நேரம் தாராளமாகக் கொடுக்கலாம் என்றால் நான் இங்கேதான் கொடுப்பேன். ஊரே கைக்கடக்கமாக இருக்கிறது. காரை 1792ல் கட்டிய நகர வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ராஜவீதியில் கடலை நோக்கி நடங்கள்.

1620ல் ஓவே யெத்தே தலைமையில் வந்த டேனிஷ்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டியது டான்ஸ்போர்க் கோட்டை. உள்ளே தொல்லியல் துறையின் காட்சியகம். டேனிஷ் நாணயங்கள், பீங்கான், சீனத் தேயிலைச் சாடிகள், வாள், ஈட்டி, சுதைச் சிற்பங்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கல எலும்புகூட. பீங்கானும் தேயிலைச் சாடியும் ஏன் இங்கே வந்தன என்று யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கில் கிளம்பிய கப்பலுக்கு இது கடைசித் துறை இல்லை, இங்கிருந்து கிழக்கே மேலும் போகவேண்டியிருந்தது. பிறகு கட்டடத்தையே ஒரு காட்சிப்பொருளாகப் பாருங்கள். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும். மேலே கடல்காற்று, கீழே புழுக்கம். யாருக்கு எது என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது. 1845ல் இந்த ஊரையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில், 1306ல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே ஊரும் வணிகமும் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஊர் 1620ல் பிறந்ததாகத் தோன்றிவிடும்.

அடுத்து சீகன்பால்க் அருங்காட்சியகம். 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் அவர். தமிழ் கற்று, அச்சுக்கூடம் வரவழைத்து, 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் வாழ்ந்த வீட்டை 2017ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது, அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத்துக்கும் தட்டுப்பாடு, எனவே பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யும் பட்டறை போட்டார்கள். அந்தப் பகுதிக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். பொறையாறு நீங்கள் போகும் வழியில்தான் இருக்கிறது. வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, அந்தப் பெயரை ஊர்க்காரர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். நம் விதிப்படி மிதிக்கவேண்டிய மண் அது. 1718ல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடுத்த ஆண்டு அவரை அடக்கம் செய்தார்கள். ஆலயத்தில் வழிபாடு நடக்கும் நேரமென்றால் காத்திருந்து உள்ளே போங்கள்.

மதியம் காரைக்கால் வழியாக நாகப்பட்டினம். அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பார்க்கலாம். ஆனால் இந்த ஊரின் முக்கியமான பொருள் ஊரில் இல்லை. முதலாம் ராசராசன் காலத்தில் கடல் கடந்த சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி என்ற புத்த விகாரையைக் கட்டினார், ஆனைமங்கலத்து வருவாய் அதற்கு எழுதிவைக்கப்பட்டது. 1856 முதல் 1934 வரை இந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 புத்தப் படிமங்கள் கிடைத்தன. பழைய செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றிருந்து இடிக்கப்பட்டது. ஆக, இந்த ஊருக்கு மட்டும் உள்ளே பார்க்கும் வேலையைச் சென்னையிலேயே முடித்துவிடுங்கள்: சென்னையில் கிளம்பும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்த்துவிட்டு வந்தால், வெளிப்பாளையத்தில் வண்டி ஓட்டும்போது அந்த மண்ணின் கனம் புரியும். இரவு தங்க வேளாங்கண்ணியில் அறைகள் தாராளம். திருவிழாக் காலமான ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புதன்: நீளமான நாள்

இன்றைக்கு ஓட்டம் அதிகம், அருங்காட்சியகம் குறைவு. வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாகிரகம். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து கிளம்பியவர்கள் 28ஆம் தேதி இங்கே வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்திருந்தும் வழி முழுக்க ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து உப்பளங்களையும் பாருங்கள். காலை வெயிலில் பாத்திகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். இந்தக் கரையில் காட்சிப்பொருள் ஆகாமல் இன்னும் தொழிலாகவே இருப்பது அது.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டிச் சேதுபாவாசத்திரம் பக்கம் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814ல் எழுப்பத் தொடங்கிய அறுகோணக் கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இந்த அலையாத்திக் கரையில் ஒரு நினைவுச்சின்னம்! சிரிப்பும் வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். அரை மணி நேரம் நின்றுவிட்டு மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். மதியச் சாப்பாட்டை அதிராம்பட்டினத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் நல்ல கடை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வியாழன்: ராமலிங்க விலாசம், பிறகு கடல்

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம், இந்தப் பகுதியை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் கட்டிய மாளிகை. ராமேசுவரம் போகும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். சேதுபதி ஐரோப்பியர்களை வரவேற்கிறார், தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது, ராஜராஜேசுவரி அம்மனிடமிருந்து செங்கோல் வாங்குகிறார், இன்னொரு பக்கம் ராமாயணம். போர்க் காட்சியில் எந்தப் பக்கத்தில் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் நிற்கிறார்கள், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து உடை, ஆயுதம், யானை அலங்காரம் எல்லாம் எழுத்தில் கிடைக்காத நுணுக்கத்தோடு இருக்கின்றன. கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு நின்றால் மெல்ல மெல்லத் தெரியும். டார்ச்சை இங்கே வெளியே எடுக்காதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சம் இந்த வண்ணங்களுக்கு விஷம்.

பத்தரை, பதினொன்றுக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் ராமேசுவரம். 1988ல் திறந்த சாலைப் பாலத்தில் போகும்போது பக்கத்தில், 1914ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது காரணமில்லை. தங்கச்சிமடம் தாண்டிப் பேக்கரும்பில் அப்துல் கலாம் தேசிய நினைவகம், 2017ல் திறந்தது. ஊருக்குள் மசூதித் தெருவில் அவர் வீடு, மாடியில் காட்சிக்கூடம். நினைவகம் பெரியது, வீடு சின்னது. ஒன்றுக்குத்தான் நேரமென்றால் வீட்டுக்குப் போங்கள். காரைத் தெருமுனைக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து போவது நல்லது.

மூன்று மணிக்குள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், மணல். கூரையும் காவலரும் டிக்கெட்டும் இல்லை. சோதனைச் சாவடியில் மாலைக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் முதலில் அரிச்சல்முனை வரை போய்விட்டு, திரும்பும் வழியில் இடிபாடுகளில் இறங்குங்கள்.

இரவு ராமேசுவரத்தில் தங்கிவிட்டு வெள்ளி விடியற்காலையில் கிளம்பினால் மதுரை, திருச்சி வழியாகப் பெரும்பாலும் நாற்கரச் சாலை, சென்னைக்குச் சுமார் 630 கி.மீ. காரைக் கிளப்பும் முன் நல்ல தண்ணீரால் அடிப்பகுதி வரை ஒருமுறை கழுவச் சொல்லுங்கள், ஆறு நாள் உப்புக்காற்று ஏறியிருக்கும்.